மாணவர் பக்கத்துல வாரம் ஒரு கியர் படம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, லெகோன்னு சொல்ற பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டையை மாட்டி மாட்டி பிரிக்கிறதுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றாங்க, அந்த நேரத்துல பசங்க நாலு கணக்கு போட்டா மார்க்காவது வரும்னு. அவரு மேல எனக்கு கோவம் இல்லீங்க, ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் வீட்ல இதையே தான் சொல்லிட்டு இருந்தேன். ஆனா இந்த ஆறு மாசமா எங்க வீட்டு ஹால்ல நடந்ததை பாத்த பிறகு அந்த கடிதத்தை அப்படியே விட மனசு வரல, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நான் கோயம்புத்தூர் கணபதியில ஒரு கியர் வெட்டுற பட்டறையில 22 வருஷமா வேலை பாக்குறேன். ஹாப்பிங் மெஷின், அதாவது கியருக்கு பல்லு வெட்டுற மெஷின், அதை ஓட்டுறது நான். டிராயிங் வரும், அதுல பல்லு எத்தனை, மாடுல், அதாவது பல்லோட அளவு, எவ்வளவுன்னு போட்டிருக்கும், அதை பாத்து அதுக்கு ஏத்த சேஞ்ச் கியரை மெஷின்ல மாட்டி வெட்டி குடுத்துருவேன். வெட்டின கியர் எந்த பெட்டிக்குள்ள போகுது, பக்கத்துல எதோட சேந்து என்ன வேலை செய்யுதுன்னு யாரும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. டன் கணக்குல வெட்டியிருக்கேன், ஒரு கியர்பாக்ஸை முதல்ல இருந்து நானா யோசிச்சு பாத்ததில்ல.

எம் பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா. என் மச்சான் வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வந்தப்ப அவரு பையன் விளையாடி முடிச்ச லெகோ டெக்னிக் சாமான் ஒரு பெட்டி நிறைய குடுத்துட்டு போனாரு. ஓட்டை போட்ட நீள கட்டைங்க, ப்ளஸ் வடிவத்துல அச்சுங்க, விதவிதமா கியர், ரெண்டு மோட்டார், ஆறு பேட்டரி போடுற பெட்டி. அவ அதை வெச்சு கார் செய்யப் போறேன்னா, சரி பண்ணு கண்ணுன்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து கேக்குறா, அப்பா நீங்க கியர் தானே வெட்டுறீங்க, நாலு கியர் மாத்துற மாதிரி எப்படி செய்யறது, ஒரு மோட்டார் வண்டியை ஓட்டணும், இன்னொரு மோட்டார் கியரை மாத்தணும், கையே வைக்கக் கூடாது. எனக்கு பதில் தெரியல.

அன்னிக்கு ராத்திரி அந்த கியரை எல்லாம் எடுத்து வெர்னியர் வெச்சு அளந்து பாத்தேன், கணக்கு நேரா மாடுல் 1-க்கு வந்து நின்னுச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, ஏன்னா மாடுல் 1-னா எத்தனை பல்லோ அத்தனை எம்எம் தான் பிட்ச் விட்டம், அதாவது பல்லு கடிக்கிற இடத்துல போற வட்டத்தோட விட்டம், 8 பல்லு கியருக்கு 8 எம்எம், 24 பல்லுக்கு 24 எம்எம். அந்த கட்டையில ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் தூரமும் 8 எம்எம். இப்ப ரெண்டு கியர் கடிச்சு ஓடணும்னா ரெண்டோட பல்லையும் கூட்டி பாதி பண்ணா வர்றது தான் ரெண்டு அச்சுக்கும் நடுவுல இருக்க வேண்டிய தூரம். 8-ம் 24-ம் கூட்டினா 32. 16-ம் 16-ம் 32. 12-ம் 20-ம் அதே 32. பாதி 16 எம்எம், அதாவது சரியா ரெண்டு ஓட்டை. மூணு ஜோடியும் ஒரே ரெண்டு அச்சு மேல உக்காரும்! மூணும் மூணு வேற ரேஷியோ, அதாவது ஒரு அச்சு எத்தனை சுத்து சுத்தினா மத்தது ஒரு சுத்துங்கிற விகிதம். இதை பொண்ணுகிட்ட சொன்னேன், அவ பேப்பர்ல எழுதி கூட்டிப் பாத்துட்டு, அப்போ 40 பல்லுக்கு ஜோடி 8, அது 48, மூணு ஓட்டை தூரம், 24-ம் 24-ம் கூட அங்க தான் உக்காரும்னு அவளே கண்டுபுடிச்சா. வகுப்புல விகிதம் பாடத்தை நடத்தி முடிச்சு வருஷம் ஆச்சு, அது எதுக்குன்னு அவளுக்கு தெரிஞ்சது அன்னிக்கு தான்.

அந்த லெகோ கம்பெனி பத்தி ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன், மெஷின் வேலை செய்யிறவனுக்கு இது பெரிய விஷயம். டென்மார்க்ல பில்லுண்ட்னு ஒரு சின்ன ஊர், அங்க ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன்னு ஒரு தச்சர் 1932-ல மரப் பொம்மை செய்ய ஆரம்பிச்சது தான் அது. இப்ப பாக்குற மாதிரி உள்ள குழாய் வெச்ச கட்டைக்கு 1958-ல பேடன்ட் வாங்கினாங்க, அந்தக் காலத்து கட்டையை இன்னிக்கு வர்ற கட்டையோட மாட்டினா மாட்டிக்கும், அவ்வளவு துல்லியமா அளவை காப்பாத்திட்டு வர்றாங்க. 1977-ல கியரும் அச்சும் வெச்ச டெக்னிக் வரிசை வந்துச்சு. 1994-ல வந்த 8880 நம்பர் சூப்பர் கார்ல 4 கியர் இருந்துச்சு, நாலு சக்கரமும் ஓடும், நாலு சக்கரமும் திரும்பும். 2018-ல வந்த புகாட்டி சிரோன்ல 3599 பீஸ், 8 கியர். அதெல்லாம் வாங்குற வசதி நமக்கு இல்ல, அதுல வர்ற, கியர் மாத்தறதுக்குன்னே செஞ்ச ஸ்பெஷல் கிளட்ச் கியரும் எங்க பெட்டியில இல்ல, சாதா கியர் தான்.

சாதா கியரை வெச்சே நாலு ஸ்பீடு எப்படி வர வெச்சோம்னு சொல்றேன், இதுல தான் விஷயமே இருக்கு. நாலு ஸ்பீடுக்கு நாலு ஜோடி கியரை வரிசையா அடுக்கணும்னு தான் நான் நெனச்சேன். பொண்ணு அதை ரெண்டு ரெண்டா பிரிச்சா. முதல் கட்டத்துல ரெண்டு வழி, ஒண்ணு 16-க்கு 16, இன்னொண்ணு 12-க்கு 20. அதுல இருந்து வர்றதை ரெண்டாவது கட்டத்துக்கு குடுத்தா அங்கயும் ரெண்டு வழி, 16-க்கு 16 இல்லேன்னா 8-க்கு 24. ரெண்டையும் பெருக்கினா நாலு. முதல் கியர்ல மோட்டார் 5 சுத்து சுத்தினா சக்கரம் 1 சுத்து, ரெண்டாவதுல 3-க்கு 1, மூணாவதுல 1.67-க்கு 1, டாப்புல 1-க்கு 1. ஒவ்வொரு கியருக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்குற படி பாருங்க, 1.67, 1.8, மறுபடி 1.67. கிட்டத்தட்ட ஒரே அளவு படி. மாடிப்படி ஒரே உயரத்துல இருந்தா தான் ஏற முடியும், கியரும் அப்படித்தான், அதுக்கு ரெண்டாவது கட்டத்தோட ரேஷியோ முதல் கட்டத்தோட ரேஷியோவை அதாலயே பெருக்கினா வர்றதுக்கு பக்கத்துல இருக்கணும். 1.67-ஐ 1.67-ஆல பெருக்கினா 2.78, நம்மகிட்ட இருக்குறது 3. போதும்.

இது பொம்மை கணக்குன்னு யாரும் நெனச்சுடாதீங்க. நம்ம ஊரு காட்டுல ஓடுற டிராக்டர்ல 8 முன்னாடி 2 பின்னாடின்னு சொல்றாங்களே, அந்த 8 இதே பெருக்கல் தான். 4 கியர், ஒரு ரிவர்ஸ், பக்கத்துல ஹை லோன்னு தனியா ஒரு லீவர், 4-ஐ 2-ஆல பெருக்கினா 8, ரிவர்ஸ் 2. எங்க பெரியப்பா டிராக்டர் ஓட்டினவரு, சின்ன வயசுல மட்கார்டு மேல உக்காந்து அந்த ரெண்டு லீவரையும் எத்தனையோ தடவை பாத்திருக்கேன், ஏன் ரெண்டுன்னு எனக்கு இந்த வயசுல எம் பொண்ணு தரையில கட்டைய பரப்பி வெச்சப்ப தான் உறைச்சுது.

அடுத்தது கியரை எப்படி மாத்தறது. அந்த ப்ளஸ் அச்சு நம்ம ஸ்ப்லைன் ஷாஃப்ட் மாதிரியே தான், கியர் அது மேல அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நகரும், ஆனா அச்சோட சேந்து தான் சுத்தும். அதனால ஒரு அச்சுல கியரை நிலையா வெச்சுட்டு எதிர் அச்சுல ரெண்டு கியரை சேத்து நகத்தினா ஒரு பக்கம் ஒரு ஜோடி கடிக்கும், மறு பக்கம் இன்னொரு ஜோடி கடிக்கும், நடுவுல எதுவுமே கடிக்காத நியூட்ரல். பழைய லாரிங்கள்ல இப்படித்தான் பல்லையே நகத்தி கடிக்க விடுவாங்க, கிராஷ் கியர்பாக்ஸ்னு சொல்றது, டிரைவருங்க டபுள் கிளட்ச் போட்டு, அதாவது கிளட்சை ரெண்டு தடவை மிதிச்சு, மாத்தினது அதுக்கு தான், சுத்துற ரெண்டு பல்லோட வேகமும் ஒத்து வரலேன்னா கறகறன்னு சத்தம் வந்து பல்லு தேயும். நாங்க டிரைவ் மோட்டாரை ஒரு நொடி நிறுத்திட்டு மாத்துறோம். மாத்தறப்ப ஒரு ஜோடி முழுசா விட்ட பிறகு தான் அடுத்த ஜோடி தொடணும், ரெண்டும் ஒரே நேரத்துல கடிச்சா ஒரே அச்சை ரெண்டு வேகத்துல சுத்தச் சொல்ற மாதிரி ஆகி மொத்தமும் இறுகி நின்னுடும், கார் கியர்பாக்ஸ்ல ரெண்டு கியர் ஒண்ணா விழாம தடுக்க இன்டர்லாக் வைக்கிறதே இதுக்கு தான்.

முதல் தடவை செஞ்சப்ப கியரை ஒரு பக்கத்துல இருந்து மட்டும் தள்ளற மாதிரி வெச்சுட்டோம், போச்சு, திரும்பி வரவே இல்ல, ஏன்னா ரெண்டு கியரும் ஒட்டி இல்ல, தள்ளினா போகும் இழுத்தா வராது. அப்புறம் ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்கிற மாதிரி ஒரு சின்ன சட்டம் செஞ்சோம். இன்னொண்ணு, 24 பல்லு கியர் பெருசு, எதிர் அச்சுல அதுக்கு நேரா ஒரு புஷ், அதாவது அச்சுல மாட்டுற சின்ன வளையம், இருந்தா கூட பல்லு போய் உரசுது, அச்சு வெறுமையா இருந்தா மட்டும் மயிரிழையில தப்பிக்குது. இதை கண்டுபுடிக்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுசும் போச்சு, நான் பட்டறையில டிராயிங்ல கிளியரன்ஸ்னு, அதாவது உரசாம இருக்க விடுற இடைவெளின்னு, போட்டிருக்குறதை இத்தனை வருஷமா படிச்சவன் தான், அன்னிக்கு தான் அதை விரல்ல தொட்டேன்.

இனிமே வர்றது எம் பொண்ணோட மூளை, நான் சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன். சட்டம் ஒரு முனையில இருந்து மறு முனைக்கு 16 எம்எம் நகரணும். ஒரு ஓட்டை நீளத்துக்கு, அதாவது 8 எம்எம்-க்கு ஒரு கிராங்க், அச்சோட சேந்து சுத்துற சின்ன கை, வெச்சு அரை சுத்து சுத்தினா சரியா 16 எம்எம் தள்ளும். ஒவ்வொரு தடவை கியர் மாத்தறப்பவும் முதல் கட்டம் மாறணும், அதனால அரை சுத்து, அரை சுத்து. ஆனா ரெண்டாவது கட்டம் ரெண்டு தடவைக்கு ஒரு தடவை தான் மாறணும், முதல் ரெண்டு கியருக்கும் லோ, அடுத்த ரெண்டு கியருக்கும் ஹை. கம்ப்யூட்டர்ல சைபரும் ஒண்ணும் மட்டும் வெச்சு எண்ணுவாங்களே, 00, 01, 10, 11, அதே தான் அப்பான்னா. சரி, 8-க்கு 16 பல்லு போட்டு ரெண்டாவது கிராங்க்கை பாதி வேகத்துல சுத்த விட்டோம். முதல் கியர் ஓடுச்சு. ரெண்டாவது போட்டா சக்கரம் சுத்தவே இல்ல, மோட்டார் மட்டும் ஓடுது. எனக்கு ஒண்ணும் புரியல, பல்லு போயிடுச்சோன்னு பிரிச்சு பாத்தேன். அவ படுத்துகிட்டே பாத்துட்டு சொன்னா, பாதி வேகம்னா முதல் கிராங்க் அரை சுத்து போறப்ப இது கால் சுத்து தான் போகுது, கால் சுத்துல சட்டம் நட்ட நடுவுல நிக்குது, அது நியூட்ரல்.

ரெண்டு நாள் அப்படியே கிடந்துச்சு. மூணாவது நாள் சாயங்காலம் ஸ்கூல் பையை கூட கழட்டாம வந்து அந்த கிராங்க்கை மட்டும் 45 டிகிரி தள்ளி மாட்டினா. இப்ப அது நிக்கிற நாலு இடமும் மூலையில மூலையில வருது, ரெண்டு இடம் அந்தப்பக்கம், ரெண்டு இடம் இந்தப்பக்கம், நடுவுல நிக்கிறதே இல்ல. லோ, லோ, ஹை, ஹை. கிராங்க் நீளத்தை மட்டும் ஒண்ணரை ஓட்டையா, 12 எம்எம் ஆக்க வேண்டியிருந்துச்சு, 45 டிகிரியில அது 8.5 எம்எம் தள்ளும், நமக்கு வேண்டியது 8. கிராங்க் நேரா நிக்கிற நேரத்துல சட்டம் கொஞ்சம் கூடுதலா போயி 24 பல்லு கியர் நிலையா இருக்குற 16-ல முட்டுச்சு, நகர்ற ரெண்டு கியருக்கும் நடுவுல ஒரு புஷ் போட்டு எதிர் அச்சு கியரையும் ஒரு ஓட்டை தள்ளி வெச்சதும் அதுவும் சரியாச்சு. மாத்துற மோட்டார்ல இருந்து வோர்ம் கியர், அதாவது திருகு மாதிரி இருக்குற கியர், வழியா 24 பல்லுக்கு குடுத்தோம், வோர்ம் அந்த 24 பல்லு சக்கரத்தை சுத்த வைக்கும், சக்கரத்தால வோர்மை திருப்பிச் சுத்த முடியாது, அதனால ஓட்டத்துல கியர் எவ்வளவு தள்ளினாலும் கிராங்க் போட்ட இடத்துலயே நிக்கும். ஒரு கியர் மாற ரெண்டு செகண்ட் கிட்ட ஆகுது. அன்னிக்கு ராத்திரி அவங்க அம்மா சாப்பிட கூப்பிட கூப்பிட ரெண்டு பேரும் ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு மாத்திகிட்டே இருந்தோம்.

ஓட்டுற மோட்டார் எக்ஸ்எல் சைஸ், லோடு இல்லாம நிமிஷத்துக்கு சுமார் 220 சுத்து. முதல் கியர்ல சக்கரம் 44 சுத்து, டாப்புல 220. பலகையை புத்தகம் அடுக்கி சாய்ச்சு வெச்சு ஏத்தினோம், டாப் கியர்ல நின்ன இடத்துல இருந்து கிளம்பவே இல்ல, முதல் கியர்ல மெதுவா ஏறி உச்சிக்கு போச்சு. அப்ப அவ கேட்ட கேள்வி, எதிர் வீட்டு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல கியரே இல்லையே, மோட்டார் தானே அதுவும், நமக்கு மட்டும் ஏன். நல்ல கேள்வி. மோட்டாருக்கு நின்ன இடத்துல தான் முறுக்கு அதிகம், வேகம் ஏற ஏற குறையும், இன்ஜின் அப்படி இல்ல, அது சுத்த ஆரம்பிச்சா தான் இழுக்கும், அதனால பெரிய மோட்டார் வெச்ச வண்டிக்கு பெரும்பாலும் ஒரே கியர் போதும். நம்ம மோட்டார் சின்னது, அது லோடு இல்லாம ஓடுற வேகத்துல பாதி வேகத்துல ஓடுறப்ப தான் அதிகபட்ச பவர் தரும், ஏத்தமோ இறக்கமோ அதை அந்த பாதி வேகத்துக்கு பக்கத்துலயே வெச்சுக்க தான் கியர். இன்னொரு விஷயமும் பாத்தோம், சாதா பேட்டரி ஆறு போட்டா 9 வோல்ட், ரீசார்ஜ் பண்றது ஆறு போட்டா 7.2 வோல்ட் தான், அதே வண்டி அதே கியர்ல மந்தமா போச்சு.

இப்ப நான் உங்ககிட்ட கேக்க வந்ததுக்கு வர்றேனுங்க. வாரா வாரம் உங்க பேப்பரோட மாணவர் இணைப்பு வருது, அதுல மாதிரி வினாத்தாள், ஒரு மதிப்பெண் கேள்வி, போன வருஷ கேள்வி இதெல்லாம் பக்கம் பக்கமா வருது. அது வேணாம்னு சொல்லல, எம் பொண்ணும் அதை வெட்டி வெச்சு படிக்கிறா. அதுல ஒரு மூலையில, ஒரு கால் பக்கம், வாரம் ஒரு கியர் படம் போடுங்க. ரெண்டு அச்சு, நாலு கியர், பல்லு எண்ணிக்கை போட்டு, கடைசி சக்கரம் எந்தப்பக்கம் சுத்தும், எத்தனை சுத்து சுத்தும், இது ஓடுமா இறுகி நிக்குமான்னு ஒரே ஒரு கேள்வி. பதில் அடுத்த வாரம். கட்டை வாங்க முடியாத பசங்க அட்டைப் பெட்டியில வெட்டி குண்டூசி குத்தி சுத்திப் பாப்பாங்க, அதுவும் ஓடும். படம் வரைய ஆள் வேணும்னா இந்த ஊர்ல பட்டறைக்கு பட்டறை ஆள் இருக்காங்க, காசு கேக்க மாட்டாங்க.

அதே மாதிரி மாவட்ட நூலகத்துல குழந்தைங்க பகுதியில புத்தகம் இருக்குற இடத்துல இப்படி ஒரு பெட்டி இருந்தா என்னன்னு நீங்க தலையங்கத்துல ஒரு தடவை கேளுங்க. நீங்க கேட்டா காதுல விழும். வீட்டுக்கு எடுத்துட்டு போக வேணாம், அங்கயே உக்காந்து கட்டிட்டு அங்கயே பிரிச்சு வெச்சுட்டு வரட்டும். சில பள்ளிக்கூடங்கள்ல, பசங்க கையால செஞ்சு பாக்குறதுக்கு அடல் டிங்கரிங் லேப் வந்திருக்கு, சந்தோஷம், ஆனா அது இல்லாத பள்ளிக்கூடம் தான் அதிகம். விலை அதிகம்னு அந்த வாசகர் எழுதினது உண்மை தான், அதனால தான் சொல்றேன், பத்து வீட்டுல தனித்தனியா வாங்க முடியாததை ஒரு நூலகம் வாங்கி வெச்சா நூறு பிள்ளைங்க தொடும்.

எம் பொண்ணு இப்ப ரிவர்ஸ் கியர்ல நிக்கிறா. மோட்டாரையே திருப்பி ஓட்டினா பின்னாடி போகும், அது வேணாம், பெட்டிக்குள்ளயே நடுவுல ஒரு கியர் கூடுதலா வெச்சு திருப்பணும்ங்கிறா, அப்படி வெச்சா அச்சு தூரம் ரெண்டு ஓட்டைக்குள்ள அடங்க மாட்டேங்குது. இது வரைக்கும் மூணு விதமா வரைஞ்சிருக்கா, மூணும் ஒரு இடத்துல முட்டுது. அவ பென்சில்ல போட்ட படம் ஒண்ணை இந்த கடிதத்தோட சேத்து அனுப்பியிருக்கேன், மாணவர் பக்கத்துல முதல் கேள்வியா அதையே போட்டாலும் எங்களுக்கு சம்மதம், யாராவது ஒரு பையனோ பொண்ணோ விடை அனுப்பினா எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பி வைங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
கணபதி, கோயம்புத்தூர்.